காற்றுக்குத் தாழ்ப்பாள்

முதலில் ‘கீ…ங்’ என்று ஒரு சத்தம். பிறகு ‘தொம்’. கொஞ்சம் பொறுத்து, ‘அம்மாடி’.

இருட்டி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. ரெஜினா தோளில் கிடந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். பனிக்கூண்டு மலையில் பொழுது சாய்ந்த பிறகு கேட்கிற சத்தங்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பலாப்பழம் விழுந்தால் ‘பொத்’. காட்டுப்பன்றி வந்தால் ‘குர்ர்’. சிறுத்தை வந்தால் சத்தமே வராது; அதனால் சத்தமே இல்லாதபோதுதான் அவளுக்கு அதிக பயம். ஆனால் ‘கீங், தொம், அம்மாடி’ என்று வரிசையாகச் சொல்லும் மிருகம் எதையும் அவள் கேள்விப்பட்டதில்லை.

கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பனிக்கூண்டில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலமானால் மூடுபனி சொந்தக்காரன் மாதிரி நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். முறத்தை எடுத்து விசிறி அதை வாசல்வரை விரட்ட வேண்டும். வீட்டு ஆட்கள் எல்லோரும் உள்ளே இருக்கிறார்களா என்று எண்ண வேண்டும். அப்புறம்தான் தாழ்ப்பாள். ஒரு ஆள் குறைந்தாலும் தாழ்ப்பாள் கிடையாது. இன்றைக்கு ஒன்றல்ல, மூன்று ஆள் குறைந்தது.

மூன்று பேரும் அப்போதே வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் அவள் புருஷன் இஞ்ஞாசி, நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கத்தோடு. அவனுக்குப் பின்னால் அவன் அண்ணன் தொம்மை. கடைசியாக, மலைப்பாதையில் ஓட்டுகிற தடித்த டயர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரெஜினாவின் அண்ணன் சவரி.

“நெத்தியில என்னங்க?”

“பிரேக்கைச் சோதிச்சுப் பார்த்தேன்.”

“எப்படிச் சோதிச்சீங்க?”

“பலாமரத்தைப் பார்த்து விட்டேன். பிரேக் பிடிச்சா மரத்துக்கு முன்னாடி நிப்பேன். பிடிக்கலைன்னா மரம் பிடிச்சுக்கும்.”

“எது பிடிச்சுது?”

“மூணு தடவையும் மரந்தான்.”

விடிந்தால் கோயில் திருவிழா. மலை உச்சியில் சிலுவை நட்டிருக்கும் குருசடியிலிருந்து கீழே டவுன் கோயில்வரை சைக்கிள் பந்தயம். இருபத்திரண்டு வளைவு. பதினாலாவது வளைவில் தடுப்புச் சுவர் கிடையாது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் கழுகின் முதுகு தெரியும். இஞ்ஞாசி பெயர் கொடுத்துவிட்டான். பிள்ளைக்கு இன்னும் ஆறு மாதம்கூட முடியவில்லை.

“பிரேக் சரியாகலைன்னா போக மாட்டேன்னு சொல்லுங்க,” என்றாள்.

“பிரேக் சரியானா வேகமாப் போவேன். சரியாகலைன்னா மெதுவாப் போவேன்,” என்றான் இஞ்ஞாசி. அவளைச் சமாதானப்படுத்திவிட்ட திருப்தி அவன் முகத்தில் தெரிந்தது.

நல்லவேளையாக, கீழே டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் எப்ரேமிடம் அன்று மத்தியானமே போய்வந்திருந்தார்கள். எப்ரேம் பிரேக் கைப்பிடியை ஒரு அழுத்து அழுத்தினான். அது பஞ்சு மாதிரி உள்ளே போனது. “கைப்பிடியிலேர்ந்து சக்கரம்வரைக்கும் குழாய் ஓடுது. குழாய் நிறைய எண்ணெய் இருக்கணும். உங்களுதுல நடுவுல காத்து புகுந்துருச்சு. காத்து போனா பிரேக் வரும்,” என்றான். ஒரு புட்டி எண்ணெய், ஊசி இல்லாத சிரிஞ்சு, ஒரு சின்னப் புனல், மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டை எல்லாம் கொடுத்தான். பனிக்கூண்டுக்காரர்களை அவனுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், செய்ய வேண்டியதை ஒரு தாளில் தெளிவாக எழுதியும் கொடுத்தான். அங்கேதான் தப்பு பண்ணினான். பனிக்கூண்டுக்காரர்களிடம் வாயால் சொன்னால் பாதியை மறந்துவிடுவார்கள், பிழைத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்தால் எழுத்து பிசகாமல் செய்துவிடுவார்கள்.

சைக்கிளைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். சவரி தாளை இரண்டு கையிலும் பிடித்து, பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தான்.

“பின்சக்கரத்தைக் கழற்று. சக்கரத்தின் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடு இரண்டையும் வெளியே எடு. அவற்றை எண்ணெயே படாத இடத்தில் பத்திரமாக வை.”

சக்கரம் கழன்றது. தீப்பெட்டியில் பாதி அளவுக்கு இரண்டு பேடும் வந்தன. அதோடு வேலை நின்றது.

“எண்ணெயே படாத இடம் எது?” என்றான் தொம்மை.

“அடுப்படி?” என்றான் இஞ்ஞாசி.

“அங்க நல்லெண்ணெய், கடலையெண்ணெய், விளக்கெண்ணெய் மூணும் இருக்குங்க,” என்றாள் ரெஜினா.

“மாதா படத்துக்கிட்ட?”

“விளக்கு எரியுதே.”

“தொட்டில்ல வைப்போமா?” என்றான் தொம்மை.

“பிள்ளைக்கு இன்னிக்குத்தான் தேங்காய் எண்ணெய் தேய்ச்சு ஊத்தினேன் அத்தான்.”

நால்வரும் வீட்டை மேலும் கீழும் பார்த்தார்கள். எண்ணெய் படாமல் இத்தனை காலம் ஒரு குடும்பம் நடத்தியிருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது. கடைசியில் மூன்று ஜோடிக் கண்ணும் சவரியின் தலையில் போய் நின்றன. கல்யாணம் ஆகும்வரை தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை என்று சவரி நேர்ந்துகொண்டு மூன்று வருஷம் ஆகிறது. மலையிலேயே எண்ணெய் படாத இடம் அது ஒன்றுதான்.

பேடு இரண்டையும் அவன் உச்சியில் வைத்து, மேலே துண்டைச் சுற்றித் தலைப்பாகையாகக் கட்டினார்கள்.

“பத்திரமா இருக்கா மச்சான்?” என்றான் இஞ்ஞாசி.

“குனியாம இருந்தா இருக்கும்,” என்றான் சவரி. அதற்குப் பிறகு தாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் வாசித்தான்.

“பேடு இருந்த இடத்தில் மஞ்சள் கட்டையைச் செருகு. கைப்பிடியில் புனலை மாட்டு. கீழே சிரிஞ்சை மாட்டி, எண்ணெயை மெதுவாக மேல்நோக்கித் தள்ளு.”

சிரிஞ்சு தொம்மையின் பொறுப்பு. அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினான். ரெஜினா பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தாள். அப்போதும் தள்ளிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, தள்ளுறியா?” என்றான் இஞ்ஞாசி.

“தள்ளிக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“எண்ணெய் அசையவே இல்லையே.”

“மெதுவான்னு எழுதியிருக்கு. அசைஞ்சா அது வேகமில்லையா?”

அந்த நேரத்தில் ஒரு கொசு தொம்மையின் புறங்கையில் உட்கார்ந்து கடித்தது; கை துள்ளியதில் எண்ணெய் மேலே ஏறியது. சவரி அடுத்த வரிக்குப் போனான்.

“குழாயை விரலால் லேசாகத் தட்டு. உள்ளே இருக்கும் காற்று குமிழி குமிழியாக மேலே வந்து புனல் வழியாக வெளியேறும்.”

இதைக் கேட்டதும் ரெஜினாவின் முகம் மலர்ந்தது. “இவ்வளவுதானா? இது நான் தினம் ஆறு தடவை பண்றதுதானே. பால் குடிச்ச பிள்ளையைத் தோள்ல போட்டுத் தட்டினா உள்ள இருக்கிற காத்து ஏப்பமா வந்துடும். தரையில வச்சுத் தட்டினா எப்படி வரும்? தோள்ல போடுங்க.”

இஞ்ஞாசி சைக்கிளை அலாக்காகத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். சிரிஞ்சை விடாமல் தொம்மையும் கூடவே எழுந்தான். பக்கத்தில் ரெஜினா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக் காட்ட, இஞ்ஞாசி அதைப் பார்த்துப் பார்த்துச் சைக்கிளைத் தட்டினான். கூடத்தை இரண்டு சுற்று நடந்தார்கள். சவரி கழுத்தை வளைக்காமல் தாலாட்டு மாதிரி ஒன்றை முனகினான்.

‘ஏவ்.’

“வந்துடுச்சு,” என்றான் தொம்மை.

“அது பிள்ளையோட ஏப்பம் அத்தான்,” என்றாள் ரெஜினா.

ஆனால் அடுத்த நிமிஷம் புனலுக்குள்ளும் ‘ப்ளக்’ என்றது. ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. அப்புறம் இன்னொன்று. பதினொன்று வந்து, பிறகு வரவில்லை. இஞ்ஞாசி சைக்கிளைக் கீழே வைத்துக் கைப்பிடியை அழுத்தினான். மஞ்சள் கட்டையை இறுக்கிக்கொண்டு அது பாறை மாதிரி நின்றது. புனலையும் சிரிஞ்சையும் கழற்றி, திருகுகளை முறுக்கினார்கள்.

சவரி கடைசி வரியை வாசித்தான். “மஞ்சள் கட்டையை எடு. சக்கரத்தை மாட்டு. ஜாக்கிரதை: வெளியே போன காற்று மறுபடி உள்ளே புகுந்தால் பிரேக் போய்விடும்.”

கட்டையை எடுத்தார்கள். சக்கரத்தை மாட்டினார்கள். பேடைத் திரும்ப மாட்டு என்று எப்ரேம் எழுதவில்லை. அதைக்கூடவா எழுத வேண்டும் என்று நினைத்திருப்பான்.

“பேடு?” என்றான் இஞ்ஞாசி.

“பத்திரமா வைன்னு எழுதியிருக்கு. எடுத்துட்டா எப்படிப் பத்திரமா இருக்கும்?” என்றான் சவரி. அது நியாயமாகவே பட்டது.

அவர்களை உலுக்கியது வேறொன்று.

“வெளிய போன காத்து எங்க?” என்றான் தொம்மை.

எல்லோரும் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்கள்.

“புனல்லேர்ந்து வந்துச்சு. கதவைத் தாண்டி யாரும் போகலை. அப்ப இங்கதான் இருக்கு,” என்றான் சவரி.

“பதினொண்ணும்?”

“பதினொண்ணும்.”

ரெஜினாவுக்கு இருபத்திரண்டு வளைவும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. முறத்தை எடுத்தாள். பனியை விரட்டிப் பழகிய கைதானே. அவள் முறத்தால் விசிற, இஞ்ஞாசி போர்வையை உதற, தொம்மை “போ, போ” என்று மூலை மூலையாக அதட்ட, சவரி தலையை மட்டும் நேராக வைத்துக்கொண்டு வேட்டி நுனியால் வீசினான். காற்றை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். அதே வாசல் வழியாக ஜில்லென்று ஒரு காற்று உள்ளே வந்தது.

“இது வேற காத்து,” என்றான் இஞ்ஞாசி.

“அதே காத்துதான். வெளிய போயி குளிர்ந்துட்டு வந்திருக்கு,” என்றான் தொம்மை.

இரண்டாம் முறை விரட்டினார்கள். மூன்றாம் முறையும் விரட்டினார்கள். கை ஓய்ந்து நான்கு பேரும் உட்கார்ந்தபோது, வழி ரெஜினாவுக்குத்தான் தோன்றியது.

“காத்தை வெளிய அனுப்புறதுதான் கஷ்டம். சைக்கிளை அனுப்பலாமே? சைக்கிள் வெளிய இருக்கட்டும். கதவைச் சாத்திட்டா காத்து நம்மகூட உள்ள கிடக்கும். எப்படிப் போய்ப் புகும்?”

தொம்மை தம்பியைத் திரும்பிப் பார்த்தான். “படிச்ச பொண்ணைக் கட்டினா இதான்டா லாபம்,” என்றான்.

இஞ்ஞாசி சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் காற்று நழுவி வெளியே போய்விடாதபடி வாசலை முதுகால் அடைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து உள்ளே வந்தான். ரெஜினா எண்ணினாள். நாலு பேர், ஒரு பிள்ளை. தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அப்போது வெளியே ‘தடதடதட’ என்று ஏதோ சரிவில் இறங்கி ஓடியது. பிறகு ‘தொம்’.

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ‘கீங்’ இல்லை. ‘அம்மாடி’யும் இல்லை.

இஞ்ஞாசி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். திரும்பியபோது அவன் கண் கலங்கியிருந்தது.

“மரத்துக்கிட்டப் போய் நின்னுருச்சு,” என்றான். “யாரும் அழுத்தாமலே நின்னுருச்சு. கத்தக்கூட இல்லை.”

“பிரேக்னா அது பிரேக்,” என்றான் தொம்மை.

ரெஜினா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். “அப்ப காலையில போகப்போறீங்களா?”

இஞ்ஞாசி நெஞ்சை நிமிர்த்தினான். அதே வேகத்தில் தளர்ந்தான். “போகணும்னா கதவைத் திறக்கணுமே. திறந்தா பதினொண்ணும் ஓடிடுமே.”

சவரி தலையை ஆட்டாமல் யோசித்தான்.

“மாப்ளே, பந்தயத்துல பதினேழுன்னு நம்பர் அட்டை கொடுத்தாங்களே, அது எங்க இருக்கு?”

“சைக்கிள்ல கட்டியிருக்கு.”

“உனக்குன்னு தனியா ஒண்ணு கொடுத்தாங்களா?”

“இல்லையே.”

“அப்ப கூப்பிட்டது யாரை?”

இஞ்ஞாசி யோசித்துப் பார்த்தான். சைக்கிளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை நாளும் அழைப்பில்லாத இடத்துக்குப் போக இருந்தோமே என்று அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“குருசடிவரைக்கும் மேடாச்சே. யார் தள்ளிட்டுப் போறது?” என்றான்.

“இறங்கத் தெரிஞ்சதுக்கு ஏறத் தெரியாதா?” என்றான் தொம்மை. “நாம பார்த்துக்கிட்டே இருந்தா அதுக்குக் கூச்சமா இருக்கும். விடு.”

ரெஜினாவுக்கு மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. பதினாலாவது வளைவு அதன்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கதவருகே வந்தாள்.

“எல்லாரும் உள்ளதானே?”

“உள்ளதான்.”

“காத்து?”

தொம்மை மூக்கால் ஒருதரம் ஆழமாக இழுத்துப் பார்த்தான். “எல்லாம் இருக்கு,” என்றான்.

அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.