ஓடையைத் தாண்டிய முனை

ஒரு கணினித் திரைக்குள் ஓர் ஊரின் வரைபடம் குடியிருந்தது. அதன்மேல் இரண்டு உருவங்கள் வசித்தன. ஒன்று, ஆஸ்பத்திரியைச் சுற்றி நின்ற நீல வட்டம். இன்னொன்று, ஏரிக்குக் கீழே படுத்திருந்த சிவப்புப் பலகோணம். ஏரியைத் திறந்துவிட்டால், சிவப்புக்குள் இருப்பவர்கள் கைப்பேசிக்கெல்லாம் எச்சரிக்கை போக வேண்டும். அதற்காகத்தான் உமையாள் என்ற பெண் நிரல் எழுதி அதை வரைந்திருந்தாள்.

பலகோணத்தின் முனைகளில் ஒன்று மட்டும் ஓடையைத் தாண்டித் துருத்திக்கொண்டு நின்றது. மற்ற முனைகள் அதை மூக்கு என்றே கூப்பிட்டன.

"என்னைப் பாரு," என்றது வட்டம். "ஒரு மையம், ஒரு ஆரம். அதோட வேலை முடிஞ்சுது. உனக்கு எதுக்குப்பா இந்தக் கோணல்?"

மற்றவர்களோடு வரிசையில் நிற்க மூக்குக்கும் ஆசைதான்.

ஒருநாள் உமையாளின் மேலதிகாரி தேவசகாயம் திரையை எட்டிப் பார்த்தார்.

"இது என்னம்மா, இங்க மட்டும் நீட்டிக்கிட்டு? பெரிய அதிகாரிங்க பார்க்க வர்றாங்க. கொஞ்சம் லட்சணமா இருக்க வேண்டாமா?"

"அங்க ஒரு வீடு இருக்கு சார். வாத்து வளர்க்கிறாங்க."

"அவ்வளவு தூரமா தண்ணி வரப்போகுது? உள்ள இழும்மா."

உமையாள் தயங்கினாள். பிறகு அம்புக்குறியால் மூக்கைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மற்ற முனைகள் நகர்ந்து இடம் விட்டன.

"இப்பத்தான் பார்க்கிற மாதிரி இருக்கே," என்றது வட்டம். மூக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அப்போது கோட்டுக்கு வெளியே ஒரு சின்னப் புள்ளி முனகியது. வாத்துக்காரி பிலோமினாவின் கைப்பேசிப் புள்ளி அது.

"அண்ணே, இனி எனக்கு யார் சொல்லுவா?"

மூக்கு காதில் விழாதது போல் இருந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு வரிசையில் நிற்பது முன்பு நினைத்த அளவுக்குச் சுகமாக இல்லை.

மறுவாரம் மழை பிடித்துக்கொண்டது. மதியம் ஏரியைத் திறக்கப்போவதாகத் தகவல் வந்தது. உமையாளின் அம்புக்குறி 'அனுப்பு' பொத்தானை நோக்கி விரைந்தது. போகிற வழியில் மூக்கின்மேல் உரசியது.

"என்னைப் பழைய இடத்துல விட்டுட்டுப் போ," என்றது மூக்கு.

"உமையாள் கை போற இடத்துக்குத்தான் நான் போவேன். விடு."

நகர மூக்கால் முடியாது. முடிந்த ஒன்றைச் செய்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பளிச்சென்று பெரிதானது.

உமையாளின் கை நின்றது. "சார், அந்த வீடு வெளிய நிக்குது."

தேவசகாயம் ஜன்னலைப் பார்த்தார். மழையில் எதிர்க் கட்டடமே தெரியவில்லை. "இழுத்து விடும்மா. சீக்கிரம்."

மூக்கு ஓடையைத் தாண்டிப் போய் நின்றது. புள்ளி சிவப்புக்குள் வந்தது. எச்சரிக்கை பறந்தது.

"போச்சு, உன் அழகே போச்சு," என்றது வட்டம்.

எச்சரிக்கையில் இருந்த எண்ணுக்குப் பிலோமினாவே போன் செய்தாள்.

"மெசேஜ் வந்துச்சு தாயி. வாத்தையெல்லாம் கரைமேல ஏத்திட்டேன். எங்களுக்கும் கீழ புதுசா ஒரு குடும்பம் கொட்டாய் போட்டிருக்கு. அவங்க போன்ல ஒண்ணும் வரலையாமே?"

உமையாள் அவசரமாக அம்புக்குறியைத் திருப்பினாள்.

மூக்கு வட்டத்தின் பக்கம் பார்க்கவே இல்லை. "இழு," என்றது அம்புக்குறியிடம். "இன்னும் இழு."