பாதுகைக்குக் கட்டிய சுரைக்குடுக்கை

அலைவாய்ப் பட்டினத்தை ஆண்ட அமரசேகரன் என்னும் மன்னன், ஈசனிடத்தில் பக்தியும் இன்பத்தில் பற்றும் ஒருங்கே உடையவன். நடுக்கடலில் மணித்தீவில் எழுந்தருளியிருக்கும் பெருமானைத் தரிசிக்க வேண்டும். வழியில் விருந்தும் கூத்தும் குறையவும் கூடாது. ஆகவே மூன்றடுக்கு மாளிகை ஒன்றை மிதக்க விட்டாற்போல ஒரு கப்பலைக் கட்டுவித்து, நல்ல நாளொன்றில் அவையினர் இருநூறு பேரோடும் ஏவலரோடும் ஏறி அமர்ந்தான்.

நங்கூரம் எடுக்குமுன், கப்பலின் தலைவனான மீகாமன் காரி வந்து வணங்கினான்.

"அரசே, இத்துறைமுகத்துக்குப் பழைய விதி ஒன்று உண்டு. சங்கு ஏழுமுறை குறுகவும் ஒருமுறை நீளவும் ஊதும். கேட்டவுடன் ஒவ்வொருவரும் இடுப்பில் மிதவையாகச் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, உயிர்காப்புத் தோணிகளின் அருகே வந்து நிற்க வேண்டும். வந்து நின்றவருக்கே தோணியில் இடம். அவர் பெயரை ஏட்டில் எழுதிய பிறகே கப்பல் நகரும்."

தலைமை அமைச்சர் ஏகவாசகர் முகம் சிவந்தார். தம் மைத்துனனை மீகாமனாக்க நெடுநாளாக வழி பார்த்திருந்தவர் அவர்.

"பிறவிக் கடலையே கடத்துவிக்கும் பெருமானைக் காணப் போகிறோம். இடுப்பில் சுரைக்காயா? தெய்வ நிந்தனை அல்லவா இது!"

"பிறவிக் கடலை ஈசன் பார்த்துக்கொள்வான், ஐயா. இந்தக் கடலை என்னிடம் விட்டிருக்கிறான்" என்றான் காரி.

மன்னன் தாடியைத் தடவினான். "சரி, நடத்தும். ஆனால் நண்பகலுக்குள் இருநூறு பெயரும் ஏட்டில் ஏற வேண்டும். இல்லையேல் உம் பதவி அமைச்சரின் மைத்துனனுக்கு."

சங்கு முழங்கியது.

படைத்தலைவர் அறையை விட்டு அசையவில்லை. "ஓடிப் பழகுவது வீரனுக்கு இழுக்கு" என்று குதிரைக்காரன் சேந்தியை அனுப்பினார். அரண்மனைப் புரோகிதர் பூசையில் இருப்பதாகச் சொல்லிச் சமையற்காரனை அனுப்பினார். பூசை அறையிலிருந்து அப்பளம் நொறுங்கும் ஓசை கேட்டது. ஏகவாசகர் தம் வெற்றிலைப் பெட்டி தூக்கும் பூவனை அனுப்பினார். இப்படியே பெரியவர்கள் அனைவரும் ஆளை அனுப்பிவிட்டு மெத்தையில் சாய்ந்தனர்.

அந்நாட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. அரசன் செல்ல இயலாத திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் அவனுடைய பாதுகைகள் பட்டுத் தலையணையில் எழுந்தருளும். அவை சென்றால் அரசனே சென்றதாகக் கொள்வார்கள். அன்றும் இருவர் சாமரம் வீச, தோணித் துறைக்குப் பாதுகைகள் வந்து சேர்ந்தன.

காரி தலையில் கை வைத்துக்கொண்டான். அருகில் சுரைக்குடுக்கையோடு நின்றவர் நக்கர். அவையில் மன்னனையே சிரிக்கவும் சிந்திக்கவும் வைப்பவர்.

"நக்கரே, பாதுகைக்கு இடுப்பு ஏது? எதில் கட்டுவேன்?"

"குமிழில் கட்டும். விதியை ஒரு நூலிழையும் தளர்த்தாதீர். யார் வந்து நின்றார்களோ, அவர்கள் பெயரை மட்டும் எழுதும். மற்றதை அடியேன் பார்த்துக்கொள்கிறேன்."

நண்பகலில் அவை கூடியது. ஏகவாசகர் வெற்றிப் புன்னகையோடு, "வேடிக்கை முடிந்ததா? ஏட்டைப் படி!" என்றார்.

காரி படித்தான். "முதல் தோணி. தலைமை இருக்கை, அரசரின் பாதுகைகள். இரண்டாம் இருக்கை, பூவன். மூன்றாவது, குதிரைக்காரன் சேந்தி. நான்காவது, சமையற்காரன் தூங்கான்..."

"நிறுத்து! என் பெயர் எங்கே?"

நக்கர் கைகூப்பினார். "தங்களுக்கு இடமில்லை, அமைச்சர் பெருமானே. வந்து நின்றவருக்கே இடம் என்பது விதி."

"பூவன் என் சார்பில் அல்லவா நின்றான்!"

"ஆம். தங்கள் சார்பிலேயே அவன் பிழைத்தும் கொள்வான்."

அவை குலுங்கிற்று. படைத்தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண்கள் சேந்தியின் இடுப்பிலிருந்த குடுக்கையையே பார்த்தன. மன்னன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். சிரிப்பு நடுவில் நின்றது.

"நக்கரே, அப்படியானால் நம் கதி?"

"கவலை எதற்கு, அரசே? கப்பலுக்கு ஏதேனும் நேர்ந்தால், தேவரீரின் பாதுகைகள் காலுக்கொரு குடுக்கையோடு பத்திரமாகக் கரை சேரும். அரியணையில் பாதுகையை வைத்து நாடாண்ட கதையை நாம் பக்தியோடு கேட்டவர்கள் தாமே? அமைச்சருக்கும் வசதி. பாதுகை கேள்வி கேட்காது, கணக்கும் கேட்காது."

மன்னன் மெல்லத் திரும்பி ஏகவாசகரைப் பார்த்தான். ஏகவாசகர் மேல்கூரையின் சித்திரங்களை ஆராய்ந்தார்.

"காரி! மறுபடியும் ஊதச் சொல்லும் சங்கை!"

ஏழாவது ஒலி அடங்குமுன் மன்னன் வெறுங்காலோடு முதல் தோணியருகே நின்றான். பின்னால் படைத்தலைவர் ஓடி வந்தார், ஒரு வீரனும் அதுவரை கண்டிராத வேகத்தில். புரோகிதர் வாய் நிறைய அப்பளத்தோடு வந்தார். ஏகவாசகரோ பூவனிடம் குடுக்கையைப் பிடுங்க முயன்றார்.

"இது என்னுடையது, சாமி. உங்களுக்கு வேறு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றான் பூவன்.

காரி எவரையும் விடாமல் எழுதினான். இருநூறு பெயர்களும், அவற்றோடு ஏவலர் பெயர்களும் ஏறின. மன்னன் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவன் விரலில் இட்டு, "நாம் உயிரோடு இருக்கும்வரை இக்கப்பலுக்கு நீரே மீகாமன்" என்றான். நங்கூரம் எழுந்தது.

பாய் விரிந்த பிறகு மன்னன் நக்கரை அழைத்தான்.

"அனுப்ப ஆளில்லாமல், காலையில் முதல் சங்குக்கே நீரே வந்து நின்றீராம். கேட்டு மனம் நெகிழ்ந்தோம். இனி உமக்கு அந்தக் குறை வேண்டாம். இரண்டு ஏவலாட்களைப் பரிசாகத் தந்தோம்!"

நக்கர் பதறி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அரசே, அடியேன் உயிர்மேல் தேவரீருக்கு அப்படி என்ன கோபம்?"