நெய் குடித்த துப்பாக்கி

வெகு காலத்துக்கு முன்னால் செம்பாறைக்கோட்டைச் சீமையை இரணசூர ராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. எந்நேரம் வேட்டை ஆசை வருமோ தெரியாதே! அதனால் விடியும்போதே துப்பாக்கியின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் இடித்துக் கெட்டித்து வைத்துவிட வேண்டும் என்று உத்தரவு.

கெட்டிப்பவர் தளவாய் அனந்தப்பர். மருந்து அரைப்பவள் வெள்ளச்சி. "இவள் மருந்துக்கு ஈடில்லை" என்று ராஜா ஒருநாள் சொல்லப்போக, அன்றிலிருந்து தளவாய்க்கு வயிற்றெரிச்சல்.

ஒருநாள் சாயங்காலம், வெளிநாட்டுத் தூதர் பக்கத்திலிருக்க, ராஜா காட்டுப்பன்றியைக் குறிபார்த்தார். துப்பாக்கி 'புஸ்' என்றது. பன்றி திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாக நடந்துபோயிற்று. தூதர் இருமுவதுபோலச் சிரித்தார்.

"மருந்தில் கலப்படம், பிரபு! கரியைக் கூட்டி அரைத்திருக்கிறாள்" என்றார் தளவாய்.

"நாளைக்குள் அவள் சீமையை விட்டே போகட்டும்!"

மருந்துப் பையோடு பின்னால் நின்றிருந்தாள் வெள்ளச்சி. போவதென்றால் எங்கே போவது? அப்போதுதான் மறு குண்டுக்குத் துணி எடுத்த தளவாயின் விரல்கள் மினுமினுப்பதைப் பார்த்தாள். குண்டு வழுக்கி இறங்க, அதைச் சுற்றும் துணியில் எல்லாரும் துளி எண்ணெய் தடவுவார்கள். இவரோ ராஜா துப்பாக்கியாயிற்றே என்று பசுநெய்யில் ஊறவே வைத்துவிடுவார்.

"மகாராஜா, காலையில் ஒரே ஒரு சோதனை. ஒரு துப்பாக்கியில் தளவாய் ஐயா தமக்குப் பிடித்த உசத்தி மருந்தைப் போடட்டும். இன்னொன்றில் என் கெட்ட மருந்து. நெய்த்துணி இரண்டுக்கும் அவர் கையாலேயே. ஆசை வரும்போது சுடுங்கள்."

மறுநாள் விடிந்தது. வெள்ளச்சி துப்பாக்கிக்குள் போட்ட தன் மருந்தின்மேல் ஒரு பிடி உலர்ந்த தவிட்டைக் கொட்டினாள்.

"என்னடி, மாட்டுக்குத் தீனியா?"

"ராஜா வீட்டுத் துப்பாக்கிக்கும் பசிக்குமே, ஐயா."

தளவாய் சிரித்துக்கொண்டே இன்னும் நெய் வார்த்துத் துணியைத் திணித்தார்.

வெயில் ஏறியது. ராஜா உட்கார்ந்தார், எழுந்தார், சொக்கட்டான் கேட்டார், காய்களைத் தள்ளிவிட்டார். துப்பாக்கிப் பக்கம் மட்டும் போகவில்லை. தூண் நிழல் சுருங்கிக் காலடிக்கு வந்தபோது, "கொண்டா!" என்றார்.

தளவாயின் துப்பாக்கி 'புஸ்'. வெள்ளச்சியுடையது 'டமார்!' மதில்மேல் வைத்த பானை தூள்தூளாயிற்று.

சுடாத துப்பாக்கியைக் குடைந்து பார்த்தார்கள். உசத்தி மருந்து நெய் குடித்து எள்ளுருண்டையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"என் மருந்துக்கு வரவேண்டிய நெய்யை நடுவிலிருந்த தவிடு குடித்துவிட்டது, மகாராஜா."

ராஜா தளவாயிடம் திரும்பினார். "நெய் வார்த்தது உம் கை, ஊரைவிட்டுப் போவது அவளா? இனி அவளுக்குத் தவிடு சலித்துக் கொடும்! ஆயுதசாலைச் சாவி வெள்ளச்சிக்கு. வேறென்ன வேண்டும், சொல்லம்மா."

"வேட்டைக்குக் கிளம்பும்போது கெட்டித்தால் நெய் இறங்க நேரமிருக்காது, தவிடே வேண்டாம், மகாராஜா. விடியும்போதே கெட்டிக்கச் சொன்னது..." என்று இழுத்தாள்.

"யார்?"

"தாங்கள்தான்."

ராஜா பொத்தென்று உட்கார்ந்தார்.

"அனந்தப்பரே, எனக்கும் சேர்த்துச் சல்லடை இரண்டாகக் கொண்டுவாரும்."