கழுவாத பிலிம்

“உள்ள படம் விழுந்திருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும் டீச்சர்?”

தஸ்நேவிஸ் வயலட்டின் ஸ்டுடியோ வாசலிலேயே கத்தினான். கையில் பழைய பிலிம் கேமரா. காலில் செருப்பு இல்லை.

“கழுவினாத் தெரியும்,” என்றாள் வயலட்.

அவனைவிடச் சின்னவள். ஆனால் பிலிம் விஷயத்தில் அவள்தான் அவனுக்குக் குரு.

கார்த்திகைப் புயலில் அவனுடைய புதுக் கேமரா போயிற்று. கல்யாணப் படம் எடுக்கப் போன இடத்தில், பந்தலோடு, கண்ணெதிரே, கடல் தண்ணீரில். உப்பு ஏறினால் முடிந்தது. கடைக்காரன் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

பரணில் கிடந்த பிலிம் கேமராவை இறக்கினான். லென்ஸில் படர்ந்த பூஞ்சையைத் துடைத்தான். இறுகிப்போன ஷட்டரைத் தட்டித் தட்டி எழுப்பினான்.

எழுந்தது. ஆனால் பின்னால் திரை இல்லை. ஒவ்வொரு படம் எடுத்ததும் பழக்கதோஷத்தில் திருப்பிப் பார்ப்பான். கறுப்பு மூடிதான் இருக்கும். முதல் ரோலில் பொறுக்க முடியாமல் அந்த மூடியையே திறந்து பார்த்தான். வெளிச்சம் பட்டு ரோல் மொத்தமும் பாழ்.

“இதையும் திறந்துட்டீங்களா அண்ணாச்சி?”

“இல்ல. திறக்க விரல் போச்சு. இழுத்துக்கிட்டேன். இதுல எமல்டா இருக்கா.”

எமல்டா அவன் மனைவி. இருதய ஆபரேஷனுக்கு இப்போதுதான் உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். டாக்டர் எதற்கும் உத்தரவாதம் தரவில்லை. போகும் முன் தலை சீவிக்கொண்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு படம் எடுக்கச் சொன்னாள். வீட்டுச் சுவரில் இருந்த அவள் படங்களையெல்லாம் அதே புயல்தண்ணீர் கொண்டுபோயிருந்தது.

“மதினியை அங்க விட்டுட்டு இங்க எதுக்கு வந்தீங்க?”

“அவதான் விரட்டுனா. ‘நீரு இங்க நின்னு நடுங்குனா எனக்குப் பிரஷர் ஏறுது. போய்ப் படத்தைக் கழுவிட்டு வாரும்’னா. மச்சினன் அங்க நிக்கான். போன் போடுவான்.”

“சரி. போனை இப்படிக் குடுங்க.”

“எதுக்கு?”

“அதுல வெளிச்சம் இருக்கு.”

அவனை இருட்டறைக்குள் தள்ளினாள்.

“கேமராவைத் திறந்து பிலிமை எடுங்க. சுருள்ல சுத்துங்க. டப்பாவுக்குள்ள வச்சு மூடுங்க. மூடின பிறகுதான் கதவு.”

“நானா? நீங்க செய்யுங்க டீச்சர்! கேட்டதைத் தாரேன்!”

“படத்துல இருக்கது யாரு பொண்டாட்டி?”

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே பட்டப்பகல். உள்ளே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். பிலிம் விரலில் நிற்காமல் வழுக்கியது. சுருளின் வாய் அகப்படவில்லை. தன் மூச்சே பக்கத்தில் வேறு யாரோ விடுவதுபோல் கேட்டது.

“டீச்சர்! ஒண்ணும் அகப்படல, பயமா இருக்கு. ஒரே ஒரு செகண்ட் லைட்டைப் போட்டுக்கிடவா?”

“போடுங்க. சுவிட்ச் உங்க வலது கைப்பக்கம்தான்.”

“போட்டா?”

“உங்க பயம் போயிரும். மதினியும் போயிருவாங்க.”

உள்ளே பிலிம் உரசும் சத்தம் மறுபடி கேட்டது.

அப்போதுதான் போன் அடித்தது.

வயலட் பார்த்தாள். அவனுடைய மச்சினன்.

மணி உள்ளேயும் கேட்டது. உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. கதவின் கைப்பிடி இறங்கியது.

பாதியில் நின்றது.

மெல்ல மேலே ஏறியது.

“டீச்சர்.” உள்ளிருந்து குரல் வந்தது. “எடுத்துப் பேசுங்க.”

“கதவைத் திறக்கவா?”

“திறந்துறாதீங்க! அவன் என்ன சொன்னாலும் கேட்டு வச்சுக்கிடுங்க. எனக்குச் சொல்லாதீங்க. டப்பாவுக்கு இன்னும் மூடி போடல.”