தங்கச் சுங்கானும் வெந்த நாக்கும்

முன்னொரு காலத்தில், புகையிலை கப்பலில் வந்திறங்கி அரண்மனை வரைக்கும் ஏறிவிட்ட புதிதில், ஓர் அரசருக்கு நாக்கு வெந்துபோயிற்று.

காரணம் ஊருக்கே தெரியும். அரசர் புகையிலை அடைத்துப் புகைக்கும் குழாயான சுங்கான் சுத்தத் தங்கம்; விரல் நீளம்தான். நெருப்பு வைத்த மாத்திரத்தில் தண்டு வரை காய்ந்துவிடும். போதாததற்கு அரசர் கொல்லன் துருத்தியைப் போல விடாமல் இழுப்பார். அந்தச் சுங்கானைச் செய்வித்தவர் ஆஸ்தானப் புலவர் இலக்கணமுத்து. ஆகவே காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சபை விகடர் அம்பலவாணரிடமும் ஒரு சுங்கான் இருந்தது. மண் கிண்ணம், முழ நீள நாணல் தண்டு. சபை கலைந்ததும் தோட்டத்து மரத்தடியில் சாய்ந்துகொண்டு, நினைத்தபோது ஓர் இழுப்பு இழுப்பார். பிறரைச் சிரிக்கவைத்தே சலித்துப்போன மனிதருக்கு ஓய்வு என்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் ஒருநாள் அரசர் மாடத்திலிருந்து பார்த்துவிட்டார்.

"அம்பலவாணரே, உமது நாக்கு மட்டும் எப்படி வேகாமல் இருக்கிறது?" என்று சபையில் கேட்டார்.

தங்கத்தைக் குறை சொன்னால் அரசரைக் குறை சொன்னதாகும். இழுப்பைக் குறை சொன்னால் அதைவிட மோசம். "பழக்கம்தான், அரசே" என்று நழுவப் பார்த்தார் அம்பலவாணர்.

இலக்கணமுத்து விடவில்லை. விகடரின் நகைச்சுவைக்கு நல்ல பெயர் கிடைப்பதும் தம் பாட்டுக்குக் கொட்டாவி கிடைப்பதும் அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"வித்தையை ஒளிக்கிறார், பிரபு. நாளை இதே தங்கச் சுங்கானில் இதே புகையிலையைத் தாங்கள் புகைக்க வேண்டும். இரண்டையும் இவர் தொடக் கூடாது. தங்கள் நாக்கு சுட்டால் இவர் நாக்கிலும் சூடு வைப்போம். நியாயம்தானே?"

வெந்த நாக்கோடு இருந்தவருக்கு நியாயமாகவே பட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

வீட்டில் மனைவி வடிவாள் பிடித்துக்கொண்டாள். "அந்த மண்ணுச் சுங்கானத் தூக்கிப் போடுங்கன்னு எத்தன தரம் சொன்னேன்."

"சுட்டா சுட்டுட்டுப் போகட்டும்டி. எனக்கும் பேசிப் பேசி அலுத்துப்போச்சு."

"பேச்சு கெடக்கட்டும். சோத்துல உப்புக் காரம் தெரிய வேணாமா?"

அதுவும் உண்மைதான். அம்பலவாணர் பெருமூச்சு விட்டு, யோசிக்க உட்கார்ந்தார்.

மறுநாள் சபையின் மூலையில் இரும்புக் கம்பி கனலில் சிவந்துகொண்டிருந்தது. அரசர் சுங்கானை எடுத்தார்.

"ஒரு குறை, அரசே" என்றார் அம்பலவாணர். "தாங்கள் இங்கே ஒரு வாய் நீர் குடித்தாலும் பட்டப்பெயர்கள் அத்தனையும் சொல்லிக் கட்டியம் கூறுவது வழக்கம். புகையையும் 'குடிப்பது' என்றுதானே சொல்கிறோம்? ஒவ்வொரு வாய்க்கும் கட்டியம் கூறாவிட்டால் மரியாதை என்ன ஆவது? பட்டங்களை இயற்றிய புலவரே கூறினால் இன்னும் அழகு."

புலவரால் மறுக்க முடியவில்லை. அரசர் ஓர் இழுப்பு இழுத்தார். "மூவுலகும் நடுங்கும் வாளுடையார், முகில் நாணும் கொடையுடையார்..." என்று புலவர் தொடங்கினார். அது பெரிய வரிசை. கட்டியம் முடியும்வரை அரசர் புன்னகையோடு கேட்டிருக்க வேண்டும் என்பது முறை. அதற்குள் கனல் அடங்கித் தங்கம் ஆறியது. அடுத்த இழுப்பின்போதும் உதட்டில் புன்னகை கலையாததால் துருத்தி போல இழுக்க வரவில்லை. புகை மெல்லிசாக வந்து நாக்கில் வெல்லமாகப் படர்ந்தது.

அரசர் கண்ணை மூடிக்கொண்டார். புகையிலைக்கு ருசி உண்டென்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

உச்சிப்பொழுதுக்குக் கிண்ணம் காலியானது. புலவரிடமிருந்து "மூவு... மூவு..." என்று காற்றுதான் வந்தது.

"சுடவே இல்லை" என்றார் அரசர். "குடித்தது நான், தொண்டை வெந்தது புலவருக்கு. அம்பலவாணரே, வேண்டியதைக் கேளும்."

"என் நாக்குக்கு ஒரு மாதம் விடுப்பு, அரசே."

"தந்தோம். என்றைக்கிலிருந்து?"

அம்பலவாணர் கும்பிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் வாசலைப் பார்த்து நடந்தார்.

அரசருக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு பொற்கிழியையும் அவர் பின்னாலேயே அனுப்பிவைத்தார். அதற்கு அம்பலவாணர் நன்றிகூடச் சொல்லவில்லை.