அதிபர் இறங்கிய ஆழம்

கடம்பத்தீவை விட்டு வெள்ளைக்காரன் கப்பலேறிய மறுநாள் அதிபர் நாற்காலியில் உட்கார்ந்தவர் சர்வேசுவரன். முப்பத்தாறு வருடமாகியும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவானே! அவருக்கு வாய்த்த பொதுப்பணி அமைச்சர் மருதப்பன். சொன்னதைச் சொன்னபடி செய்வார். அதற்குமேல் யோசித்தால் அவருக்குத் தலைவலி வரும். பதவி கிடைத்ததே அதனால்தான்.

ஒருநாள் காலையில் ஊரே திரண்டு மாளிகை வாசலில் நின்றது. “இறங்கு! இறங்கு!” என்று ஒரே கூச்சல்.

மருதப்பன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு அதிபரிடம் ஓடினார்.

“என்னய்யா கேக்கறாங்க?” என்றார் அதிபர்.

“இறங்கச் சொல்றாங்க ஐயா. நாம இருக்கறது மூணாவது மாடி.”

“அவ்வளவுதானா? ஜனங்க கேட்டு நான் எதை மறுத்திருக்கேன்?”

நாற்காலியோடு அவரைத் தூக்கிவந்து கீழ்த்தளத்தில் வைத்தார்கள். சட்ட அமைச்சர் ஆவுடையப்பனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கூச்சலோ நிற்கவில்லை.

“தரைக்கு வந்தாச்சே, இன்னும் எங்கே இறங்கறது?” என்று குழம்பினார் மருதப்பன்.

ஆவுடையப்பன் சட்டப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் புரட்டினார். “எவ்வளவு ஆழம்னு இதுல போடலியே.”

“போடலேன்னா தோண்டலாம்” என்று தீர்த்துவைத்தார் அதிபர்.

தோட்டத்தில் தோண்டினார்கள். இருபதடி. இத்தனை வருடத்தில் மருதப்பனின் துறை உருப்படியாக முடித்த ஒரே வேலை அந்தப் பள்ளம்தான். அதிபரையும் இரண்டு அமைச்சர்களையும் காவலர்கள் நாற்காலியோடு கயிறு கட்டி இறக்கினார்கள். இறக்கிய கையோடு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்கள். கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுக் கலைந்தது.

“சத்தம் நின்னுபோச்சு ஐயா! ஜனங்க திருப்தியாயிட்டாங்க” என்ற மருதப்பனுக்குப் பெருமையில் கண் கலங்கியது.

மூன்றாம் நாள் ஓர் ஆள் மண்கூடையோடு எட்டிப் பார்த்தான். “யாருய்யா உள்ளே? கயிறு போடறேன், மேலே வாங்க! பள்ளத்தை மூடச் சொல்லிப் புது அரசாங்கத்தோட உத்தரவு.”

மூவரும் கூடிப் பேசினார்கள்.

“அத்தனை பேர் இறங்கச் சொன்னாங்க. இவன் ஒருத்தன் ஏறச் சொல்றான். ஜனநாயகப்படி ஏற முடியாது” என்றார் ஆவுடையப்பன்.

வாக்கெடுப்பு நடந்தது. மூன்று ஓட்டும் ‘ஏறுவதில்லை’ என்றே விழுந்தன.

“அப்புறம் உங்க இஷ்டம்” என்று அவன் கூடையைக் கவிழ்த்தான்.

மண் நேராக அதிபர் தலையில் விழுந்தது. அவர் முகம் மலர்ந்தது. “பாருங்கய்யா, நான் உயிரோட இருக்கறப்பவே எனக்கு நினைவிடம் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க!”

மருதப்பன் பவ்யமாகக் குனிந்தார். “திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் ஐயா?”

“இதுல என்ன கேள்வி? நான்தான் வருவேன்.”