எண்ண முடியாத அரிசி

செங்கரட்டூர் ஜமீனில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, ராஜா விஜயசேகரர் ஆங்கிலம் படிக்கக் கிளம்பும்வரை.

சொல்லிக்கொடுக்க ஒரு துரை வந்தார். "ஏ ஹார்ஸ், ஏ மேங்கோ" என்று பாடம் தொடங்கியது. ராஜா உற்சாகமாக "ஏ ரைஸ், ஏ வாட்டர்" என்றார். துரை கையை உயர்த்தித் தடுத்தார். குதிரையையும் மாம்பழத்தையும் எண்ணலாம், அதனால் முன்னால் 'ஏ' போடலாம். அரிசியும் தண்ணீரும் எண்ண முடியாதவை, அவற்றுக்கு 'ஏ' கிடையாது என்றார். அவ்வளவுதான், ராஜாவுக்கு ஞானம் பிறந்துவிட்டது. மீதிப் பாடத்தைக் கேட்காமலே எழுந்து சபைக்கு வந்தார்.

"எண்ண முடியாத அரிசிக்குப் படி எதுக்கு, உழக்கு எதுக்கு? எல்லாத்தையும் பூட்டி வையுங்க!"

களஞ்சிய அதிகாரி தாண்டவராயருக்கு வாயெல்லாம் பல். அரண்மனை வேலைக்காரர்களுக்கு நாள்தோறும் கூலியாக அளந்த இரண்டு படி அரிசி, மறுநாளே ஒரு கைப்பிடியாகச் சுருங்கியது.

மூன்றாம் நாள் வாசல் பெருக்கும் மாடத்தி, மந்திரி கோலப்பபிள்ளையிடம் வந்து மடியைப் பிரித்துக் காட்டினாள்.

"ஐயா, வீட்ல நாலு புள்ளைய. இத வச்சு கஞ்சிகூட காய்ச்ச முடியல."

கோலப்பபிள்ளை யோசித்தார். நேரில் போய்ச் சொன்னால், புதிதாகப் படித்த மிதப்பில் ராஜா கடித்துக் குதறிவிடுவார். ஆகவே முதலில் துரையிடம் போய் மீதிப் பாடத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு சமையல்காரரைப் பார்த்தார்.

அன்று மதியம் ராஜாவின் இலையில் மிளகாய்த் துவையல் விழுந்தது. ஒரு வாய்தான் வைத்தார். கண், மூக்கு, காது எல்லாம் எரிந்தன.

"தண்ணி! தண்ணி!"

கோலப்பபிள்ளை பூஜையறையில் தீர்த்தம் கொடுக்கும் சின்ன உத்தரணிக் கரண்டியை நீட்டினார். அதில் ஒரே ஒரு சொட்டு.

"என்னவே இது?"

"தண்ணீர், மகாராஜா."

"இது எந்த மூலைக்குக் காணும்?"

"தண்ணீரைத்தான் எண்ண முடியாதே! எவ்வளவு வேண்டுமென்று எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு சொம்பு கொண்டாரும்வே!"

சொம்பு தயாராகவே இருந்தது. ராஜா மடமடவென்று குடித்தார்.

"துரையின் மீதிப் பாடம் இதுதான் மகாராஜா" என்றார் கோலப்பபிள்ளை. "தண்ணீருக்கு முன்னால் 'ஏ' வராது, சொம்புக்கு வரும். அரிசிக்கு வராது, படிக்கு வரும். எண்ண முடியாததைப் படியில் அளந்து, படியை எண்ண வேண்டும். தாங்கள் படியையே பூட்டிவிட்டீர்கள். மூன்று நாளாக மாடத்தி பிள்ளைகள் கைப்பிடி அரிசியில் கிடக்கிறார்கள்."

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உடனே தாண்டவராயரையும் மாடத்தியையும் அழைத்துவரச் சொன்னார்.

"படியெல்லாம் வெளிய எடும்வே. உமக்கு மட்டும் ஒரு மாசத்துக்குப் படி கிடையாது. மாடத்திதான் கையால அள்ளிப் போடுவா."

தாண்டவராயர் மாடத்தியின் கையைப் பார்த்தார். சின்னஞ்சிறு கை. அவருக்கு அங்கேயே பசிக்கத் தொடங்கிவிட்டது.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிக் கோலப்பபிள்ளை பக்கம் நீட்டினார். அப்போது மாடத்தி தாண்டவராயரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"பயப்படாதீக ஐயா. உங்க வீட்லயும் புள்ளைய இருக்கே. நான் ரெண்டு கையாலயும் அள்ளித்தான் போடுவேன்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கோலப்பபிள்ளையை நோக்கிப் போன மாலை, பாதி வழியில் திரும்பி மாடத்தியின் கழுத்தில் விழுந்தது.